ஐம்பது எம்.எம்.மும் கூடைக்குள்ள பூனையும்

போன வாரம் அக்கா மகன் திருமங்கலத்துல இருந்து போன் பண்ணினான். "மாமா, கையில 20,000 ரூவா இருக்கு. கேமராவுக்கு 50 எம்.எம். எஃப் 1.8 வாங்கிரட்டுமா?"

எனக்குச் சுர்ருன்னு ஏறிருச்சு. அவன் மேல இல்லைங்க. அவன் பகல்ல ஒரு கம்பெனியில கணக்கு எழுதுறான், முகூர்த்த நாள்ல கல்யாண போட்டோகிராபருக்கு எடுபிடியாப் போறான். அந்த 20,000 ரூபாய்க்குள்ள எத்தனை விடியக்காலை மூணு மணி இருக்குன்னு எனக்குத் தெரியும்.

"யாரு மாப்ள சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க மாமா. மொத பிரைம் லென்ஸுன்னா 50தானாம்."

இந்த 'எல்லாரும்' இருக்காங்களே, அவங்களோடதான் இன்னைக்கு எனக்குப் பஞ்சாயத்து.

ஒரு பழைய கதை. ஒரு வீட்டுல திவசத்தன்னைக்குப் பூனை குறுக்க ஓடி பாலைத் தட்டிவிடுதேன்னு அதைக் கூடை போட்டுக் கவுத்தி வச்சாரு பெரியவர். அவர் போனார், பூனையும் போச்சு. அப்புறம் மகன் ஒவ்வொரு திவசத்துக்கும் பக்கத்து வீட்டுல இருந்து ஒரு பூனையைப் பிடிச்சுட்டு வந்து கூடைக்குள்ள போட்டுட்டுத்தான் சாமி கும்பிட்டானாம். ஏன்டான்னு கேட்டா, "எங்கப்பா காலத்துல இருந்து வழக்கம்."

50 எம்.எம். அந்தப் பூனைதான்.

1925ல லைக்கா கேமரா வந்தப்பவே அதுல இருந்தது 50 எம்.எம். லென்ஸ். 36க்கு 24 மில்லிமீட்டர் பிலிமுக்கு அது பொருத்தம். பின்னாடி எஸ்.எல்.ஆர். கேமரா வந்துச்சு. அதுக்குள்ள ஒரு கண்ணாடி தூக்கித் தூக்கி விழணும்ல, அதுக்கு இடம் வேணும். அதனால லென்ஸ் பிலிமை விட்டு 44, 46 மில்லிமீட்டர் தள்ளியே நிக்கணும். 50க்கு இது பிரச்சனையே இல்ல. ஆறேழு கண்ணாடித் துண்டுல வேலை முடிஞ்சிரும். அதைவிட அகலமான லென்ஸுன்னா சுத்தி வளைச்சு டிசைன் பண்ணணும், கண்ணாடி கூடும், எடை கூடும், விலையும் கூடும். 1990ல கேனான் விட்ட பிளாஸ்டிக் 50 எஃப் 1.8 வெறும் 130 கிராம். 2015 வரைக்கும் அதே டிசைன்லயே வித்துச்சு. சல்லிசு விலைக்கு வெளிச்சம் வேணும்னா அதை விட்டா வேற நாதி இல்ல. அன்னைக்கு அதை வாங்குன்னு சொன்னதுல தப்பே இல்ல.

இப்ப நம்ம பயல் கையில இருக்கறது மிரர்லெஸ். பேரே சொல்லுது, கண்ணாடி கிடையாது. சோனியில லென்ஸ் உக்கார்ற இடத்துக்கும் சென்சாருக்கும் நடுவுல 18 மில்லிமீட்டர்தான். நிக்கான்ல 16. அகலமான லென்ஸைச் சின்னதா, சல்லிசா செய்ய முடியாததுக்கு இருந்த காரணம் போயே போச்சு. அதுக்கு மேல, நம்ம பட்ஜெட் கேமராவுல இருக்கறது ஏபிஎஸ்-சி சென்சார், 23.5க்கு 15.6 தான். அதுல 50ஐ மாட்டினா பிலிம் கணக்குல 75 எம்.எம்.; கேனான்ல 80. பூனை செத்தாச்சு, கூடையும் மாறியாச்சு, வழக்கம் மட்டும் மாறல.

கணக்கு போட்டுப் பாருங்க. மணவறையில தாலி கட்டுறப்ப எடுபிடிக்குக் கிடைக்கிற இடம் ரெண்டு மீட்டர். ஒரு பக்கம் வீடியோக்காரர், இன்னொரு பக்கம் பொண்ணோட தாய்மாமன், பின்னாடி நாதஸ்வரம். ரெண்டு மீட்டர்ல நின்னா 50 எம்.எம்.முக்குள்ள விழுற அகலம் 94 சென்டிமீட்டர். மாப்பிள்ளை தோள் உள்ள வந்தா நாத்தனார் கை வெளிய போயிரும். அதே இடத்துல 30 எம்.எம். போட்டா ஒரு மீட்டர் 57 சென்டிமீட்டர். 24 போட்டா ரெண்டு மீட்டர்கிட்ட. "காலால ஜூம் பண்ணு"ன்னு வசனம் பேசுறவங்க ஒருதடவை எதிர்சேவை ராத்திரி தல்லாகுளத்துல வந்து பின்னாடி ரெண்டடி நகர்ந்து காட்டட்டும். அப்புறம் பேசலாம்.

இது நான் பட்டு அறிஞ்சது. 2017ல நானும் 'எல்லாரும்' பேச்சைக் கேட்டு மொத லென்ஸா 50தான் வாங்கினேன். வாங்கின வாரமே சோழவந்தான் போய் அப்பத்தாவை நாள் பூரா எடுத்தேன். பட்டாசாலையில முதுகு சுவத்துல முட்டிக்கிச்சு. இருந்தும் அப்பத்தா முகம் மட்டும்தான் அடங்குச்சு. எஃப் 1.8ல வச்சு, பின்னாடி எல்லாத்தையும் மங்கலடிச்சு, என்னமோ சாதிச்சுட்டதா நெனச்சேன். 2019ல அப்பத்தா போயிருச்சு. அடுத்த வருசம் வீட்டை இடிச்சாச்சு. இப்ப அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தா, சுருக்கம் சுருக்கமா முகம் இருக்கு, சந்தோசம். ஆனா அந்த அடுப்படி? அஞ்சறைப்பெட்டி வச்ச மாடம்? உரல்? எல்லாம் காவியும் கருப்புமா ஒரே கலங்கல். என் கையில அந்த வீட்டுக்கு ஒரு நல்ல படம் கிடையாது.

அதனாலதான் இந்த மங்கல் பைத்தியத்தைக் கண்டா எனக்குப் பத்திக்கிட்டு வருது. பிரைம் லென்ஸ் வாங்குறது பின்னணியை அழிக்க இல்ல சாமி, வெளிச்சத்துக்கு. கிட் லென்ஸை முழுசா நீட்டினா எஃப் 5.6. எஃப் 1.8 அதைவிட ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சம் வாங்கும். டியூப்லைட் வீட்டுல 1/15 செகண்டுல ஆடிப்போற படம் 1/150ல நிக்கும். ஆளு அசையறதை ஸ்டெபிலைசேஷனாலயும் நிறுத்த முடியாது, வேகத்தாலதான் முடியும். ஆனா அதுக்காக எஃப் 1.2க்குத் தவணை கட்டப் போகாதீங்க. 1.8க்கும் 1.2க்கும் வித்தியாசம் ரெண்டேகால் மடங்குதான். விலை அந்த மடங்குல நிக்காது. 56 எம்.எம். எஃப் 1.4ல ஒன்றரை மீட்டர்ல ஒருத்தரை எடுத்தா தெளிவா விழுறது நாலு சென்டிமீட்டர் ஆழம். மூக்குத்தி தெரிஞ்சா கம்மல் தெரியாது.

நியாயமா ஒண்ணு சொல்லிடணும். 50 மோசமான லென்ஸ் இல்ல. புல்ஃபிரேம் வச்சிருந்தா தாராளமா வாங்குங்க. மேடைக்கு மூணாவது வரிசையில இருந்து மணப்பொண்ணு முகத்தைப் பிடிக்க ஏபிஎஸ்-சியில 50, 56 அருமை. ஆனா அது ரெண்டாவது லென்ஸ். ஒண்ணே ஒண்ணுதான் வாங்க முடியும்ங்கறவனுக்கு அதை முதல்ல கட்டிவிடுறதுதான் பாவம். அலங்காநல்லூர் வாடிவாசலுக்கு எந்தச் சல்லிசு பிரைமும் எட்டாது, அந்த ஆசைக்கு டெலி வேணும்.

அப்ப எதை வாங்க? 24ல இருந்து 35க்குள்ள. சோனின்னா சிக்மா 30 எஃப் 1.4; 2016ல வந்தது, அதனால பழசு நிறையக் கைமாறுது. புதுசா வேணும்னா 2025ல வந்த வில்ட்ராக்ஸ் 25 எஃப் 1.7. நிக்கான்னா 2023ல வந்த டிஎக்ஸ் 24 எஃப் 1.7. ஃப்யூஜின்னா எக்ஸ்சி 35 எஃப் 2. கேனான்னா ஆர்எஃப் 28 எஃப் 2.8, வெளிச்சம் கொஞ்சம் கம்மிதான், ஆனா 120 கிராம், பாக்கெட்டுல போடலாம். பழசு வாங்கினா செல்போன் டார்ச்சை லென்ஸ் வழியா அடிச்சுப் பாருங்க. சிலந்தி வலை மாதிரி தெரிஞ்சா பூஞ்சை, கையைக் கழுவிட்டு வந்துருங்க. ஆத்துல அழகர் இறங்குறப்ப துருத்தித் தண்ணி அடிப்பாங்க, இந்த விலை லென்ஸுக்கு அதைத் தாங்குற சீல் கிடையாது. ஒரு பிளாஸ்டிக் பை போதும்.

இதெல்லாம் நான் சொல்றேன்னும் நம்ப வேணாம். மாப்ளகிட்ட ஒரே ஒரு வேலை சொன்னேன். "உன் கிட் லென்ஸ்ல எடுத்த கடைசி 500 படத்தை எடு. ஒவ்வொண்ணும் எத்தனை எம்.எம்.னு கம்ப்யூட்டரே காட்டும். எண்ணிட்டு வா."

நேத்து ராத்திரி கூப்பிட்டான். கணக்கு எழுதுற பயல்ல, நோட்டுல கோடு போட்டே எண்ணியிருக்கான். முக்கால்வாசிக்கு மேல 22க்கும் 35க்கும் நடுவுலயாம். 50ல இருந்தது முப்பத்தி சொச்சம் படம்.

"அப்ப எல்லாரும் சொன்னது மாமா?"

"எல்லாரும் உன் வீட்டுல நின்னு போட்டோ எடுக்கலையே மாப்ள."

பழைய 30 ஒண்ணு பேசி வச்சிருக்கான், ஞாயித்துக்கிழமை கைக்கு வருது. வந்ததும் மொதப் படம் உங்கம்மாவை எடுன்னு சொல்லியிருக்கேன். அடுப்படியில வச்சு. அடுப்படியும் தெரியணும்.

பி.கு: மிச்சக் காசுல பையும் ஃபில்டரும் வாங்கவான்னு கேட்டான். பிஸ்கட் டப்பாவும் நாலு சிலிக்கா பொட்டலமும் போதும்டான்னு சொல்லி போனை வச்சுட்டேன்.