பிரிச்சுப் பார்க்காம எஞ்சினைக் காயலான் கடைக்குப் போடாதீங்க!

திருப்பருத்திக்குன்றம், காஞ்சிபுரம் வட்டார விவசாயப் பெருமக்களே! ஒரு பழைய டிராக்டரை வைத்துக்கொண்டு தன் கழனியையும் உழுது, பக்கத்துக் கழனிக்கும் வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கும் சிறு விவசாயிகளே!

நவரைப் பட்டத்துக்குச் சேடை ஓட்டுற நேரம். கழனியில தண்ணி நிக்குது, நாத்தங்கால்ல நாத்து முத்துது. அப்பப் பார்த்து எஞ்சின் சூடேறி, வெள்ளைப் புகை தள்ளி, நடுக் கழனியில நின்னுபோச்சு. நம் சங்கத்து உறுப்பினர் ஒருவருக்கு நடந்தது இது. டிராக்டர் வாங்கிய இடத்துக்குப் போன் போட்டார். வந்தவர் பானட்டைத் தூக்கினார், ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். ஆயில் பால் ஊத்தின டீ மாதிரி இருந்தது.

"எஞ்சின் போயிடுச்சுங்க. இதுல காசு போடுறது வீண். எக்சேஞ்சுல விட்டுடுங்க, மிச்சத்துக்கு நாங்களே லோன் போட்டுத் தர்றோம்" என்றார்.

ஒரு நட்டைக் கூடக் கழற்றவில்லை. பத்து நிமிஷத்தில் தீர்ப்பு!

சங்கத்தில் நாலு பேர் சேர்ந்து, "கையெழுத்துப் போடாதே, முதல்ல பிரிச்சுப் பார்ப்போம்" என்று தடுத்தோம். காஞ்சிபுரத்தில் ஒரு லேத்துப் பட்டறையில் ஹெட்டை இறக்கினோம். என்ன தெரிந்தது? கேஸ்கட் எரிந்திருந்தது. ஹெட் கொஞ்சம் வளைந்திருந்தது. ஒரு லைனரில் கோடு விழுந்திருந்தது. பிளாக்கில் விரிசல் இல்லை. கிராங்க் அளவுக்குள்ளேயே இருந்தது. இத்தனைக்கும் காரணம் ரேடியேட்டரில் அடைத்திருந்த பதரும், தொளதொளத்துப் போன ஃபேன் பெல்ட்டும்! ஹெட்டை ஃபேசிங் பண்ணி, லைனர் பிஸ்டன் செட், பேரிங், கேஸ்கட் மாற்றி, ரேடியேட்டரையும் சுத்தம் பண்ணினோம். ஒன்பதாம் நாள் அதே டிராக்டர் அதே கழனியில் சேடை ஓட்டியது. புது வண்டிக்குக் கேட்ட முன்பணத்தில் பாதி கூடச் செலவாகவில்லை.

பட்டு நெய்யும் ஊர் நம் ஊர். பாவு தீர்ந்தால் பழைய பாவின் நுனியில் புதுப் பாவைப் புணைக்கிறார்கள். தறியையா பிடுங்கி அடுப்பில் வைக்கிறார்கள்? நெசவாளிக்குத் தெரிந்த நியாயம் டிராக்டர் விற்கிறவனுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை? தெரியும். ரிப்பேரில் அவனுக்குக் கிடைப்பது கொஞ்சம், புது வண்டியில் கிடைப்பது அதிகம். அவ்வளவுதான் சங்கதி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 லட்சம் கடன், 12 சதவீத வட்டி, ஐந்து வருஷம், மாதத் தவணை என்று வையுங்கள். மாதம் 13,300 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். முடியும்போது வட்டி மட்டும் சுமார் 2 லட்சம் போயிருக்கும். மழை பொய்த்தாலும், நெல் விலை சரிந்தாலும் தவணை நிற்காது. தவணை தவறினால் என்ன ஆகும்? 2016 மார்ச்சில் தஞ்சை மாவட்டத்தில் டிராக்டர் கடன் பாக்கிக்காக ஒரு விவசாயியைப் போலீசார் அடித்து இழுத்துப்போனதை நாடே பார்த்தது. அதே மாதம் அரியலூர் மாவட்டத்தில், கடனுக்காக டிராக்டரைப் பறிகொடுத்த விவசாயி ஒருவர் உயிரை விட்டார். "லோன் நாங்களே போட்டுத் தர்றோம்" என்ற இனிப்புப் பேச்சுக்குப் பின்னால் இருப்பது இதுதான்.

இன்னொரு பூச்சாண்டியும் காட்டுகிறார்கள். "பத்து வருஷம் ஆன டிராக்டரை அரசாங்கமே உடைக்கச் சொல்லுது" என்கிறார்கள். பச்சைப் பொய்! விவசாய டிராக்டருக்கு முதல் பதிவு 15 வருஷம், அதன்பின் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம், பத்து வருஷத்தில் உடைக்க வேண்டும் என்பது ஆதாரமில்லாத செய்தி என்று ஒன்றிய போக்குவரத்து அமைச்சகமே 2023 ஜனவரியில் அறிவித்துவிட்டது.

அப்படியானால் எந்த எஞ்சினையும் மாற்றவே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. அளந்து பார்த்து முடிவெடுங்கள் என்கிறோம். எஞ்சினைப் பிரித்த இடத்தில் நின்று நாலு கேள்வி கேளுங்கள்.

ஒன்று: பிளாக் உடைந்ததா, விரிசல் விட்டதா? கனெக்டிங் ராடு அறுந்து பிளாக்கைக் குத்திக் கிழித்திருந்தால் அந்த பிளாக்கை நம்பிக் காசு போடாதீர்கள்.

இரண்டு: கிராங்க் எத்தனை முறை கிரைண்டிங் ஆனது? பழைய பேரிங்கைத் திருப்பிப் பாருங்கள், பின்பக்கம் அண்டர்சைஸ் எண் குத்தியிருக்கும். கடைசி அளவுக்கு வந்துவிட்டால் இனி கடைய முடியாது, வேறு கிராங்க்தான்.

மூன்று: உதிரி கிடைக்குமா? அரசு நிறுவனமான எச்.எம்.டி.யின் டிராக்டர் பிரிவை மூட 2016 அக்டோபரில் ஒன்றிய அமைச்சரவை முடிவெடுத்தது. அந்த மாதிரி நின்றுபோன வண்டி என்றால் உதிரியைக் கண்ணால் பார்த்த பிறகே எஞ்சினில் கை வையுங்கள்.

நான்கு: கியர்பாக்ஸ், ஹைட்ராலிக், பின் ஆக்சில் நல்லா இருக்கா? எல்லாமே தேய்ந்த வண்டிக்கு எஞ்சினை மட்டும் புதுசாக்கிப் பயனில்லை.

பிளாக்கும் கிராங்கும் நல்லதாக இருந்து, உதிரியும் கிடைத்து, மற்ற பாகமும் தேறினால் ரிப்பேர்தான் லாபம். பிளாக் மட்டும் போயிருந்தால் வேறு எஞ்சின் ஏற்றலாம். ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் நம்பர் இருக்கிறது. ஆர்.டி.ஓ. ஆபீசில் முறைப்படி மாற்றாமல் விட்டால் பிற்பாடு வம்பு. எல்லாமே போயிருந்தால், அப்போது புதுசு பற்றி யோசியுங்கள். ரெண்டு ஏக்கர் மட்டுமே இருப்பவர் அப்போதும் கடனில் விழ வேண்டாம், வாடகை உழவே மேல்.

எதைச் செய்தாலும் எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள். எஞ்சின் ஏன் கெட்டது என்ற காரணத்தைக் கண்டுபிடிக்காமல் மூடவிடாதீர்கள். அடைத்த ரேடியேட்டரை அப்படியே விட்டால் புது எஞ்சினும் அடுத்த பட்டத்தில் எரியும்.

இப்போது அரசைக் கேட்கிறோம். 2014-15 முதல் நடக்கும் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் புது டிராக்டர் வாங்க சிறு, குறு விவசாயிக்கு 50 சதவீதம் வரை மானியம் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி.யும் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. நல்லது, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இருக்கிற எஞ்சினைச் செப்பனிட அந்தத் திட்டத்தில் மானியம் எங்கே? வாங்குகிறவனுக்கு உதவி, காப்பாற்றுகிறவனுக்குக் கைவிரிப்பா? மானியம் விவசாயிக்கா, கம்பெனிக்கா?

பழுது பார்க்கும் உரிமைக்காக ஒன்றிய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் குழு போட்டது. அதில் விவசாயக் கருவிகளையும் சேர்த்தது. அந்த டிசம்பரில் இணையதளமும் திறந்தது. இணையதளம் எஞ்சினைப் பிரிக்காது, சட்டம் வேண்டும்! அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் விவசாய இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் உரிமையை 2023-லேயே சட்டமாக்கிவிட்டது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

நம் கோரிக்கைகள்:

1. எஞ்சின் செப்பனிடவும், புது டிராக்டருக்குத் தருவது போல் சிறு, குறு விவசாயிக்கு 50 சதவீத மானியம் கொடு!

2. கூட்டுறவுச் சங்கத்தில் டிராக்டர் ரிப்பேருக்குக் குறைந்த வட்டியில் கடன் கொடு!

3. விற்பனை நின்ற மாடலுக்கும் உதிரி பாகமும் சர்வீஸ் புத்தகமும் உள்ளூர் மெக்கானிக்குக் கிடைக்கச் சட்டம் போடு!

4. உழவுப் பட்டத்தில் வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை டிராக்டர்களைக் கூட்டு! எஞ்சின் பிரித்துக் கிடக்கும் விவசாயிக்கு முன்னுரிமை கொடு!

தோழர்களே! எஞ்சின் நின்ற எல்லோரும் எஸ்டிமேட் காகிதத்தை எடுத்துக்கொண்டு, மாதாமாதம் கலெக்டர் ஆபீசில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு வாருங்கள். ஒருத்தன் நீட்டினால் அது மனு. நூறு பேர் நீட்டினால் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

பிரிச்சுப் பார்! அளந்து பார்! பிறகு முடிவெடு!
கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன் சங்கத்துக்கு வா!