இலக்கியமாக எதையும் படித்ததில்லையா?

கல்லூரியில் தமிழ் கற்பிக்கத் தொடங்கிய நாள்முதல், முதலாமாண்டு வகுப்பில் நாம் தவறாது கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: கடைசியாக விரும்பிப் படித்த புத்தகம் எது? ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், பின்வரிசையிலிருந்து எழுந்த மாணவர் ஒருவர், சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' என்றார். "அது சரி, இலக்கியமாக எதையும் படித்ததில்லையா?" என்றோம். வகுப்பு சிரித்தது. அவர் அமர்ந்துவிட்டார். அதன்பின் மூன்றாண்டுகளும் நம்மிடம் எந்தப் புத்தகத்தைப் பற்றியும் அவர் வாய் திறக்கவில்லை.

நாவல், சிறுகதை, கவிதை ஆகியவற்றைத் திண்ணையில் அமர்த்தி, தன்வரலாறு, பயணநூல், அறிவியல் புனைகதை, அகராதி முதலியவற்றை வாசலில் நிறுத்திவைக்கும் பழக்கம் நம்மைப் போன்றோரிடம் ஊறிப்போன ஒன்று. நம்மை உருவாக்கிய நூல்களை எண்ணிப் பார்த்தால் அப்பழக்கத்திற்கு நியாயமில்லை என்றே தோன்றுகிறது.

உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' தன்வரலாறு. 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1942இல் அவர் மறைந்தமையால் முற்றுப்பெறாது நின்ற நூல். அதில் 1880ஆம் ஆண்டுச் செய்தி ஒன்று வருகிறது. கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், இளம் ஆசிரியரான உ.வே.சா. படித்திருந்த நூல்களின் நீண்ட பட்டியலைக் கேட்டு வியக்கவில்லை. அவற்றுக்கெல்லாம் முந்திய நூல்களைப் பற்றி வினவினார். அதோடு நின்றுவிடாமல் சீவக சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதி ஒன்றையும் அவர் கையில் கொடுத்தார். 1887இல் சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது. முதலியாரும் பட்டியலைக் குறைவாகத்தான் மதிப்பிட்டார். ஆனால் அவர் ஒரு நூலைத் தந்தார். நாம் ஒரு சிரிப்பை மட்டுமே தந்தோம்.

அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவல். 2019 கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டபோது நாளிதழ்கள் கன அடிக் கணக்குகளைச் சொல்லின. குடத்துடன் காத்திருப்பது ஒரு பெண்ணின் மனத்தை என்ன செய்யும் என்பதை அறிய, 1973இல் வந்த இந்நாவலின் ஜமுனாவிடமே நாம் திரும்ப வேண்டியிருந்தது. நாவல் தன் வேலையைச் செவ்வனே செய்த இடம் அது.

ஏ.கே.செட்டியாரின் 'அண்ணல் அடிச்சுவட்டில்' வேறுவகை. காந்தியைப் பற்றிய ஆவணப்படத்தை 1940இல் வெளியிடுவதற்காக நாடு நாடாக அலைந்த கதை அது. எழுதுபவர் தம்மை முன்னிறுத்தாமல் ஒதுங்கியே நிற்கிறார். நாவலாயின் இதனை உணர்ச்சி வறட்சி என்று குறை கூறியிருப்போம். இங்கோ அந்த அடக்கமே நூலுக்கு நம்பகத்தன்மை தருகிறது.

கி.ராஜநாராயணன் 1982இல் வெளியிட்ட 'கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி' நமக்குப் பிடித்த உரைநடை நூல்களுள் ஒன்று என்றால் நண்பர்கள் நகைக்கக்கூடும். ஒரு சொல்லைத் தேடிப் புகுந்து ஒரு மாலைப் பொழுதை அதில் தொலைத்தவர்கள் நகைக்கமாட்டார்கள். மொழியியல் துறையின் செம்மையான அகராதி நெறிகளை அதில் எதிர்பார்த்தல் தகாது. கரிசல் மக்களின் பேச்சை ஒரு கதைசொல்லி தொகுத்தளித்தது என்பதே அதன் பெருமை.

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. அது நாவலா, தன்வரலாறா என்று கருத்தரங்குகளில் நாமும் நெடுநேரம் வாதிட்டதுண்டு. சாதி ஒரு குழந்தையின் அன்றாடத்தில் எவ்வாறு நுழைகிறது என்று அந்நூல் பேச்சுத்தமிழில் நேர்நின்று சொல்லிக்கொண்டிருக்கையில், நாம் வகைமையின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தோம். இன்று அது நமக்கு வெட்கமாக இருக்கிறது.

அண்மையில் 'என் இனிய இயந்திரா'வை மீண்டும் படித்தோம். 1980களில் எழுதிய சுஜாதா கதையை நிகழ்த்திய 2020களின் தொடக்கம் இப்போது கடந்தும் போயிற்று. மாந்தர்கள் மெலிந்தவர்கள்தாம். வாராந்தரத் தொடருக்கே உரிய திடீர்த் திருப்பங்கள் சில இடங்களில் சலிப்பூட்டவும் செய்கின்றன. எனினும் பெயர் முதல் பிள்ளைப்பேறு வரை அரசின் கணிப்பொறிக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்துகொண்டு, அதனையே மகிழ்ச்சி என்று நம்பும் மக்களை அவர் கற்பனை செய்திருக்கிறார். ஜீனோ என்னும் இயந்திர நாய்க்குட்டி அதனைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிச் செல்கிறது. அறிவியல் புனைகதையிடம் கேட்க வேண்டியதை அந்நூல் தந்திருக்கிறது. அன்று அந்த மாணவர் இதைத்தான் சொல்லவந்தாரோ, வேறெதையோ? நாம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

எல்லா நூல்களும் சமம் என்பது நம் கருத்தன்று. பயணநூலிலும் போலி உண்டு, நாவலிலும் குப்பை உண்டு. நூல் தான் எடுத்துக்கொண்ட வேலையை எவ்வளவு நேர்மையாகச் செய்திருக்கிறது என்று பார்த்தே அதனை எடைபோட வேண்டும். எந்த வகைமையைச் சேர்ந்தது என்று பார்த்து அன்று.

இப்போதும் ஒவ்வோர் ஆண்டும் அதே கேள்வியைக் கேட்கிறோம். விடை எதுவாயினும், "அதில் உங்களுக்குப் பிடித்த இடம் எது?" என்பதே நம் அடுத்த கேள்வி. பின்வரிசைகளிலிருந்தும் விடைகள் வருகின்றன. முதலியாரைப் போல, வகுப்பு முடிந்ததும் ஒரு நூலைக் கையில் கொடுத்தனுப்பவும் பழகிவருகிறோம்.