கடைக்குட்டி வளரும்வரை காத்திருக்க வேண்டாம்

"சின்னது கொஞ்சம் வளரட்டும், அப்புறம் எங்காவது போகலாம்." சொந்த ஊரை விட்டு டில்லியிலும் மும்பையிலும் குடியிருக்கும் நம் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் வசனம் இது. கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போக இங்கே பாட்டி இல்லை. மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு அலைய அம்மாவுக்குத் தெம்பில்லை. நியாயமான காரணங்கள்தான்.

ஆனால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கடைக்குட்டிக்கு இப்போது 2 வயது, மூத்தவனுக்கு 9 என்று வைத்துக்கொள்வோம். சின்னதுக்கு 5 வயது ஆகும்போது மூத்தவனுக்கு 12. அதற்குள் அவனுக்கு டியூஷன் வந்துவிடும், நண்பர்கள் வந்துவிடுவார்கள். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு ஊர் சுற்றக் கூச்சமும் வந்துவிடும். காத்திருப்பதில் நஷ்டப்படுவது அவன்தான்.

எனவே இப்போதே கிளம்புவதுதான் சரி. எல்லா வயதுக்கும் ஒரே மாதிரி பிடிக்கிற இடம் என்று தேடினால் கிடைக்காது. ஒரே இடத்தில் ஆளுக்கொன்று கிடைக்குமா என்று பாருங்கள்.

டில்லி சாணக்யபுரியில் 1977-ல் திறக்கப்பட்ட தேசிய ரயில் அருங்காட்சியகம் இதற்கு நல்ல உதாரணம். பழைய எஞ்சின்களும் பெட்டிகளும் திறந்தவெளியில் நிற்கின்றன. 2 வயதுக்கு, தன்னைவிட உயரமான சக்கரத்தைப் பார்ப்பதே போதும். 5 வயதுக்கு, வளாகத்தைச் சுற்றிவரும் குட்டி ரயில். 9 வயதுக்கு, பாட்டியாலா சமஸ்தானத்தில் 1907-ல் ஓடத் தொடங்கிய மோனோரயில். அதற்கு ஒரே ஒரு தண்டவாளம்தான். "இது எப்படிக் கவிழாமல் ஓடியிருக்கும், கண்டுபிடி" என்று மட்டும் சொல்லுங்கள். பக்கத்தில் தரையில் உருளும் பெரிய சக்கரத்தை அவனே பார்த்துச் சொல்லட்டும். நீங்கள் முந்திக்கொண்டு விளக்கம் சொல்லிவிடாதீர்கள்.

இடத்தை முடிவு செய்தாகிவிட்டது. நேரத்தை யார் முடிவு செய்வது? சந்தேகமில்லாமல் கடைக்குட்டிதான். மதியம் ஒரு மணிக்குத் தூங்குகிற குழந்தை என்றால், அந்த நேரத்தில் நீங்கள் வீடு திரும்பும் வண்டியில் இருக்க வேண்டும். காலையில் கதவு திறக்கும்போதே போய்விட்டால் இரண்டரை மணி நேரம் கிடைக்கும். அது தாராளம். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், அதையும் பார்த்துவிடலாம்" என்ற ஆசையில்தான் பல பயணங்கள் அழுகையில் முடிகின்றன. டில்லி மிருகக்காட்சி சாலை சுமார் 176 ஏக்கர். குட்டிக் கால்களால் முழுவதும் சுற்ற முடியாது. ஆளுக்கு ஒரு மிருகம் என்று வீட்டிலேயே பேசி வைத்துக்கொண்டு, அந்த மூன்றைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். மிச்சம் இருந்தால் இன்னொரு தடவை போகலாமே!

விடுமுறை நாளையும் விசாரித்துக்கொள்ளுங்கள். ரயில் அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை, மிருகக்காட்சி சாலைக்கு வெள்ளிக்கிழமை. பூட்டிய கேட்டின் முன்னால் 5 வயதுக் குழந்தையைச் சமாதானப்படுத்துவது லேசான காரியமில்லை. சாப்பாட்டை உள்ளே அனுமதிப்பார்களா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள். அனுமதி உண்டென்றால் மிளகாய்ப்பொடி தடவிய இட்லிக்கு ஈடில்லை. இல்லையென்றால் வயிறு நிறையக் கொடுத்தே கூட்டிச் செல்லுங்கள். மாற்று உடையும் தண்ணீரும் எப்படியும் வேண்டும். மே, ஜூன் வெயிலில் இந்த ஊரில் திறந்தவெளி வேண்டாம். பிப்ரவரி, மார்ச் மாதங்கள் சுகமானவை.

முக்கியமான விஷயம் ஒன்று. பயணத்தில் மூத்த பிள்ளை பெரும்பாலும் கூலி ஆளாகிவிடுகிறான். "நீ பெரியவன், பையைத் தூக்கு", "நீ பெரியவன், தம்பிக்கு விட்டுக்கொடு." அவனுக்கும் 9 வயதுதான். அரைமணி நேரம் அவனுக்கென்றே ஒதுக்குங்கள். அப்பா சின்னவர்களோடு மர நிழலில் உட்காரட்டும், அம்மா மூத்தவனோடு போகட்டும். அல்லது மாற்றிக்கொள்ளுங்கள். அந்த அரைமணியில் தம்பி தங்கை பேச்சே வேண்டாம். நடுப்பிள்ளையையும் மறக்காதீர்கள். எதை முதலில் பார்ப்பது என்ற முடிவை அவளிடம் விட்டால் அவளுக்குத் தலைகால் புரியாது.

கிளம்புமுன் ஒரு ஏற்பாடு. பிள்ளைகளின் சட்டைப்பையில் உங்கள் போன் நம்பரை எழுதிப் போடுங்கள். "தொலைந்துவிட்டால் எங்களைத் தேடி ஓடாதே, நின்ற இடத்திலேயே நில், நாங்கள் வருவோம்" என்று சொல்லிக் கொடுங்கள். நடுப்பிள்ளையைத் திருப்பிச் சொல்லவும் வையுங்கள்.

இதற்கெல்லாம் பெரிய செலவில்லை, லீவு போடவும் வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். மூத்தவன் கூப்பிட்டால் வருகிற வயதில் இருக்கும்போதே அதை ஒதுக்கிவிடுங்கள்.