கயிற்றை இறுகக் கட்டினால் போதுமா?

படிவம் நான்கில் படித்தபோது தெலுக் பாஹாங்கில் எங்கள் சாரணர் முகாம் நடந்தது. இரண்டு மரங்களுக்கு நடுவே ஃபிளையிங் ஃபாக்ஸ் கட்டும் வேலை எங்கள் குழுவுக்கு. எட்டுப் பேர் மூச்சைப் பிடித்து இழுத்து, வீணைத் தந்தி போலக் கயிற்றை விறைப்பாக்கினோம். தட்டினால் ‘விண்’ணென்றது. பயிற்சி அளிக்க வந்த பெரியவர், ஓய்வு பெற்ற தீயணைப்பு வீரர், கயிற்றை ஒருமுறை பார்த்தார். யாரையும் ஏற விடவில்லை. “அவிழ்த்துட்டுத் தளர்வா கட்டுங்க தம்பி. இப்படிக் கட்டினா ஆளைத் தாங்காது” என்றார். எங்களுக்கு எரிச்சல்தான் வந்தது. மறு ஆண்டு இயற்பியல் வகுப்பில் விசைகளைப் பிரித்துக் கணக்கிடும் பாடம் வந்தபோதுதான் அவர் சொன்னது உறைத்தது.

பள்ளத்தாக்கின் மறுபுறம் ஒருவர் அடிபட்டுக் கிடக்கிறார், இறங்கிப் போய்த் தூக்கிவர வழியில்லை என்று வைத்துக்கொள்வோம். மீட்புக் குழுவினர் இரு பக்கமும் கயிறு கட்டி, கப்பியில் ஸ்ட்ரெச்சரைத் தொங்கவிட்டு, அந்தரத்திலேயே கடத்திக் கொண்டுவருவார்கள். இதற்கு ஹைலைன் என்று பெயர். சுமையைத் தாங்க ஒன்றுக்கு இரண்டாகக் கயிறுகள் இருக்கும். ஸ்ட்ரெச்சரை இழுக்கவும் நிறுத்தவும் இரு பக்கத்திலிருந்தும் தனிக் கயிறுகள் வரும். நம் ஃபிளையிங் ஃபாக்ஸுக்கு அண்ணன் மாதிரி. முதல் கயிற்றை எதிர்ப்பக்கம் கொண்டு சேர்ப்பதே பெரிய வேலை. நயாகராவில் தொங்கு பாலம் கட்டுவதற்காக 1848-இல் முதல் நூலைக் கடத்தியது, ஹோமன் வால்ஷ் என்ற பதின்ம வயதுப் பையன் விட்ட பட்டம்! இன்று அதற்கு டிரோன் இருக்கிறது.

கணக்குக்கு வருவோம். இடைவெளி 30 மீட்டர். மீட்பாளர், அடிபட்டவர், ஸ்ட்ரெச்சர் எல்லாம் சேர்ந்து நடுவில் 200 கிலோ. ஒரே கயிறு தாங்குவதாகக் கொள்வோம். கயிறு நடுவில் 3 மீட்டர் தொய்ந்தால், அதில் ஏறும் இழுவிசை ஏறக்குறைய 510 கிலோ எடைக்குச் சமம். தொய்வை 1 மீட்டராகக் குறைத்தால் 1,500 கிலோ. 30 சென்டிமீட்டர்தான் என்றால் 5,000 கிலோ! மீட்புப் பணிக்கான 11 மில்லிமீட்டர் கயிறு சுமார் 3,000 கிலோவில் அறுந்துவிடும்; முடிச்சு விழுந்த இடத்தில் அதற்கும் குறைவிலேயே. கயிறு நீண்டு கொடுப்பதால் நிஜத்தில் 5,000 வரை போகாதுதான். ஆனால் கயிறு தாங்கினாலும் மரம் தாங்குமா? பாதி எடையைத் தொய்வுக் கோணத்தின் சைனால் வகுத்தால் இந்த விடைகள் வரும். கால்குலேட்டரை எடுத்துச் சரிபாருங்கள். இடைவெளியில் பத்தில் ஒரு பங்கு தொய்வு வேண்டும் என்று மீட்புப் பயிற்சிகளில் சொல்வது இதனால்தான்.

இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. பிரதானக் கயிற்றை மெல்லிய கயிற்றால் சுற்றிய இரண்டு புருசிக் முடிச்சுகளால் பிடித்து வைப்பார்கள். சுமை எல்லை மீறினால் அவை வழுக்கிக் கயிற்றைச் சற்று விட்டுக்கொடுக்கும், வீட்டு மின்சார ஃபியூஸ் போல. ஆஸ்திரிய மலையேறி கார்ல் புருசிக் 1931-இல் அறிமுகப்படுத்திய முடிச்சு இது.

இதெல்லாம் பினாங்கு மாணவருக்கு எதற்கு? தண்ணீர்மலைக் கோயிலைத் தாண்டிப் போனால் வரும் தாவரவியல் பூங்காவிலிருந்து கொடிமலை உச்சிக்குக் கேபிள் கார் திட்டம் உருவாகி வருகிறது. கேபிள் கார் பொதுவாகப் பாதுகாப்பான வாகனம்தான். ஆனால் நின்றுவிட்டால் என்ன ஆகும்? 2022 ஏப்ரல் 10-ஆம் தேதி இந்தியாவின் ஜார்க்கண்டில், தேவ்கர் அருகே திரிகூட மலையில் கேபிள் கார் விபத்து நடந்தது. அந்தரத்தில் சிக்கியவர்களை மீட்டு முடிக்க 40 மணி நேரத்துக்கும் மேலானது. ஹெலிகாப்டர் மீட்பின்போதே இருவர் கீழே விழுந்து இறந்தார்கள். மறு ஆண்டு ஆகஸ்ட் 22-இல் பாகிஸ்தானின் பட்டகிராமில், பள்ளி மாணவர்கள் உட்பட எட்டுப் பேருடன் கம்பி அறுந்து ஒரு கேபிள் கார் சுமார் 270 மீட்டர் உயரத்தில் தொங்கியது. இருட்டும்வரை ஹெலிகாப்டரால் ஓரிருவரைத்தான் மீட்க முடிந்தது. மிச்சமிருந்த கம்பியிலேயே கப்பி மாட்டித் தொங்கிக்கொண்டு போய், இரவோடு இரவாக மற்றவர்களைக் கொண்டுவந்தவர்கள் மலைவாசிகளான ஜிப்லைன் தொழிலாளர்கள். கணக்கு ஏட்டில் எழுதியிருக்க மாட்டார்கள். ஆனால் கம்பி எவ்வளவு தாங்கும் என்பது அவர்கள் கைக்குத் தெரிந்திருந்தது.

நம் பள்ளிகளிலும் சாரணர், தீயணைப்புக் கேடட் என்று சீருடை இயக்கங்கள் இருக்கின்றன. முடிச்சுப் போட்டிகள் நடக்கின்றன. யார் எத்தனை விநாடியில் கட்டினார் என்று பார்க்கிறோம். அந்த முடிச்சில் எவ்வளவு பாரம் ஏறும் என்று கேட்பதில்லை. பல்கலைக்கழக நுழைவுக்கான மதிப்பீட்டில் புறப்பாடத்துக்குரிய 10 விழுக்காட்டுக்காகச் சேர்ந்து, வருகைப் பதிவோடு நிறுத்திக்கொள்பவர்களே அதிகம். (நானும் அப்படித்தான் சேர்ந்தேன்.) இயற்பியல் ஆசிரியர் ஒருநாள் சாரணர் திடலுக்கு வரட்டும். பயணப்பெட்டி எடைபார்க்கும் கொக்கித் தராசு ஒன்றைக் கயிற்றின் ஓரத்தில் மாட்டி, நடுவில் புத்தகப் பையைத் தொங்கவிட்டு, கயிற்றை மெல்ல மெல்ல இறுக்கினால் போதும். எண் ஏறுவதைப் பார்த்த மாணவர் அந்தப் பாடத்தை எஸ்.பி.எம். முடிந்தும் மறக்கமாட்டார்.

இப்படிச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் தாங்களே மீட்கப் போய் ஆபத்தில் மாட்டுவார்கள் என்று சில பெற்றோர் அஞ்சலாம். நான் அப்படி நினைக்கவில்லை. முகாம்களில் ஏற்கெனவே கயிற்றில் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கணக்குத் தெரிந்த பிள்ளைதான், “இது நம்மால் ஆகாது, பொம்பாவைக் கூப்பிடு” என்று முதலில் சொல்லும்.

அன்று கயிற்றைத் தளர்த்தி மறுபடி கட்ட ஒரு மணி நேரம் பிடித்தது. சாப்பாடு ஆறிப் போனது. முதலில் ஏறியவர் அந்தப் பெரியவர்தான். நடுவழியில் அவர் எடைக்குக் கயிறு நன்றாகவே தொய்ந்தது. நாங்கள் பதறினோம். அவர் அங்கிருந்தே சிரித்துக்கொண்டு கையசைத்தார்.