கை கட்டி நிற்கும் டாக்டர்

இங்கே அரசு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது நள்ளிரவில் பிரசவம் பார்த்தவர், விபத்தில் சிக்கி வந்தவர்களுக்குத் தையல் போட்டவர். அதே டாக்டர் அமெரிக்க ஆஸ்பத்திரி வார்டில் நோயாளியின் நாடியைக்கூடத் தொடாமல் ஓரமாக நிற்கிறார். ‘அப்சர்வர்ஷிப்’ என்றால் அதுதான். பார்க்கலாம், தொடக்கூடாது.

அங்கே ரெசிடென்சி எனும் மேற்பயிற்சியில் சேர யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வுகளும் இ.சி.எஃப்.எம்.ஜி. சான்றிதழும் வேண்டும். 2022 ஜனவரி முதல் ‘ஸ்டெப் 1’ தேர்வுக்கு மதிப்பெண் கிடையாது; பாஸ் அல்லது ஃபெயில்தான். கூடவே, ‘இவர் நோயாளியிடம் இப்படி நடந்துகொள்வார்’ என்று அமெரிக்க டாக்டர் எழுதித் தரும் பரிந்துரைக் கடிதமும் வேண்டும். ஓரமாக நின்றவரைப் பற்றி அவர் என்னதான் எழுதுவார்?

படிப்பு முடியும் முன்பே ‘எலெக்டிவ்’ போனால், மேற்பார்வையில் நோயாளியைப் பரிசோதிக்க விடுவார்கள். பட்டம் வாங்கிவிட்டால் அந்தக் கதவு பெரும்பாலும் மூடிவிடும். (இதைப் பலரும் பட்டம் வாங்கிய பிறகே தெரிந்துகொள்வதுதான் கொடுமை.) அப்புறம் ‘எக்ஸ்டெர்ன்ஷிப்’ தேடி ஏஜென்சிக்கு டாலரில் கட்ட வேண்டும். அப்பாவின் பி.எஃப். பணமோ, அம்மாவின் நகையோ அதில் கரையும்.

கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். நோயாளியைத் தொட்டுப் பார்க்க விடுவார்களா? கடிதம் தரப்போகிறவர் ரெசிடென்சி நடக்கும் ஆஸ்பத்திரியில் இருப்பவரா, தனி கிளினிக் வைத்திருப்பவரா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

விண்ணப்பம் செப்டம்பரில். ‘மேட்ச்’ முடிவு மார்ச்சில். திங்களன்று இடம் உண்டா என்று தெரியும், எந்த ஊர் என்பது வெள்ளிக்கிழமைதான்.