சிபியு தலையில கொட்டாதீங்கப்பா!

டிஸ்கி: ஸ்விட்ச் டிரைவர்ல ஆணி புடுங்குறவங்களைத் திட்டி எழுதினது. மத்தவங்களும் படிக்கலாம், கடிக்காது :-)

ஸ்விட்சுக்கு ஒரு ஃப்ரேம் வருது. போய்ச் சேர வேண்டிய மேக் முகவரி டேபிள்ல இல்லைன்னா, வந்த போர்ட்டைத் தவிர மத்த எல்லா போர்ட்டுக்கும் ஆளுக்கொரு காப்பி தள்ளிடும். அது தப்பில்லை, 802.1டி சொல்றதே அதான். ஆனா அந்த "எல்லா போர்ட்"ல ப்ராசஸரோட போர்ட்டையும் சேர்த்து வைக்கிறாங்க பாருங்க, அங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது. ப்ராசஸரோட சொந்த முகவரி என்னன்னு டிரைவருக்குத் தெரியும். அதை டேபிள்ல நிரந்தரமா எழுதி வச்சிட்டா, தெரியாத முகவரிக்கு வர்ற எதுவும் அதுக்கில்லை. பின்ன ஏன்யா அது தலையில கொட்டணும்?

"கெர்னல் பார்த்து தூக்கிப் போட்டுடும்ல?"

கணக்குப் போடுவோம். ஜிகாபிட் லைன்ல 64 பைட் ஃப்ரேமா வந்தா விநாடிக்கு 14.88 லட்சம். 1 கிகாஹெர்ட்ஸ் சிபியுவுக்கு ஃப்ரேம் ஒண்ணுக்கு 672 சைக்கிள்தான். கேஷ் மிஸ்ஸுக்கே அதுல ஒரு நல்ல பங்கு போயிடும். வர்றதை வாங்கி வைக்கிறதுலயே சிபியு செத்துப்போய் உருப்படியா ஒண்ணும் நடக்காத இந்த 'ரிசீவ் லைவ்லாக்' பத்தி மோகலும் ராமகிருஷ்ணனும் 1996லயே எழுதிட்டாங்க சாமிகளா!

அடுத்த கோஷ்டி "போலீசர் போட்டாச்சு"ன்னு வரும். ஒரே போலீசர்னா குப்பையும் ஸ்பானிங் ட்ரீயோட பிபிடியுவும் ஒரே க்யூல நிக்கும். பிபிடியு 2 விநாடிக்கு ஒண்ணு வரணும். ஆர்எஸ்டிபில தொடர்ந்து மூணு தவறினா, பக்கத்து ஸ்விட்ச் போயிடுச்சுன்னு நினைச்சு, அடைச்சு வச்ச போர்ட்டைத் திறந்துடும். லூப்! அதே குப்பை சுத்திச் சுத்தி வரும். காப்பாத்த வந்த போலீசரே நெட்வொர்க்கைக் கவுத்துடுச்சு.

பிபிடியுவுக்குத் தனி க்யூ கொடுங்க. பிராட்காஸ்ட் ஏஆர்பி வந்துதான் ஆகணும், அதுக்குத் தனி போலீசர் போடுங்க. தெரியாத யூனிகாஸ்ட்டை ஹார்டுவேர்லயே வெட்டுங்க.

டிசிபிடம்ப் ஓட்டணுமா? ப்ராமிஸ்குவஸ் மோட் கேட்கும்போது மட்டும் திறந்தா போதும். லினக்ஸ் டிஎஸ்ஏல 2022லயே இதுக்குன்னு தனி ஃபங்ஷன் வந்தாச்சு. வைஃபையையும் ஸ்விட்சையும் சாஃப்ட்வேர்ல பிரிட்ஜ் பண்ற வீட்டு ரவுட்டர்ல திறந்து வைக்க நியாயம் இருக்கு, ஒத்துக்கறேன். இருபத்துநாலு போர்ட் ஆபீஸ் ஸ்விட்சுக்கு என்ன நியாயம்?

உங்க டிரைவர்ல ஃப்ளட் மாஸ்க்கில் சிபியு பிட் 1ஆ 0வான்னு முதல்ல பார்த்துட்டு, அப்புறமா பின்னூட்டத்துல வந்து திட்டுங்க.