பூஞ்சணம் வேய்ந்த கூரை

மாரிமழை ஓய்ந்த மறுவாரம் ஓர்ஸ் ஹில் வீடுகளிற் புத்தக அலுமாரியைத் திறந்தவர் எவரும் பூஞ்சணத்தை வாழ்த்தியிரார். நூல்களின்மேற் சாம்பல் பூத்திருக்கும்; பெட்டியடியிற் கிடந்த பட்டுச்சேலையிற் புள்ளி விழுந்திருக்கும். துறைமுகத்து ஈரக்காற்றோடு ஆண்டுதோறும் நாம் நடத்தும் போர் இது. ஆதலின், அப்பூஞ்சணத்தையே துணைக்கழைத்துக் கலை படைக்கின்றார்கள் என்று கேள்வியுற்றபோது நாம் முதலில் நகைத்தோம்.

நகைப்பை நிறுத்தியது கொச்சி நகரத்துச் செய்தி. 2016ஆம் ஆண்டு இறுதியில் அங்கு தொடங்கிய கொச்சி - முசிறிக் கலைவிழாவையொட்டி, 'பீட்டில்ஸ் 3.3' என்னும் கட்டடக் கலைஞர் குழுவினர் வேறொரு நிறுவனத்துடன் கூடி, பழைய ஒல்லாந்தர் பண்டகசாலையில் 'ஷெல் மைசீலியம்' என்னும் பந்தலை எழுப்பினர். மரச் சட்டகம்; அதன்மேல் தட்டுகள்; தட்டுகளிற் பூஞ்சணம் கலந்த தும்புச் சோறு. மனிதர் வேலை ஏறக்குறைய அவ்வளவே. அப்பாற் காத்திருந்தனர். வெண்பனி பெய்தாற்போல் இழைகள் படர்ந்து தட்டுகளை மூடின. சில நாள் வெயில் பட்டதும் மேற்படை மாண்டு இறுகி, நத்தையின் ஓடுபோற் கீழுள்ளதைக் காத்தது.

நாம் காளான் என்று பறிப்பது பூஞ்சணத்தின் கனி போன்றது. உடலோ கண்ணுக்கெட்டாது மரத்துள்ளும் மண்ணுள்ளும் ஓடும் இழைப்பின்னலாம். அது தும்பையோ மரத்தூளையோ தின்றுகொண்டே துகள்களைப் பின்னிப் பிணைக்கிறது. சூடேற்றினால் வளர்ச்சி நின்று, இலேசான கட்டியாகி நிலைக்கிறது. அமெரிக்கரான பிலிப் ராஸ் 2009இல் ஜெர்மனியின் டூசல்டார்ஃப் நகரிற் காட்டிய சிறு தேநீர்க்குடில் இவ்வகைக் கற்களால் ஆயது. அக்கற்களையே கொதிக்கவைத்துத் தேநீராகவும் பரிமாறினராம்! எந்தக் கொத்தனார் இதற்கு உடன்படுவார்?

குயவனும் சூளையின் விருப்பத்துக்குப் பாதி வேலையை விட்டுவிடுகிறான் என்பது உண்மையே. ஆயினும் நெருப்பு பானையைத் தின்பதில்லை. பூஞ்சணமோ தனக்கிட்ட பொருளை உண்டே உருவம் தருகிறது. ஈரம் மிகுந்தால் வேறு பூஞ்சணம் புகுந்து அனைத்தையும் பச்சையாக்கிவிடும். கலைஞன் கையொப்பத்தை எங்கே இடுவது?

இங்கும் தும்புச் சோற்றுக்குக் குறைவில்லை. முயன்று பார்க்க விரும்பும் மாணவர் சிப்பிக்காளான் வித்தையே நாடுக. ராஸ் கையாண்ட கனோடெர்மா இனத்தைத் தோட்டத்துக்குக் கொணர வேண்டா. அவ்வினத்தால் வரும் தென்னை வாடல் நோய் 1952இல் தஞ்சாவூர்ப் பகுதியிற் கண்டறியப்பட்டதன்றோ! தும்பை முதலிற் கொதிநீரிலிட்டு ஆறவையுங்கள். பச்சையோ கறுப்போ பூத்த தட்டை முகர்ந்து பாராமல், மூடியபடியே அப்புறப்படுத்துங்கள்.